பரங்கிக்காய்ப் பிஸ்கோத்து

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில் அமெரிக்க நாட்டுத் தெருவொன்றில் முதன்முறையாக நடந்து செல்லும் நம்மவர் எவரும் சற்றுத் திகைத்தே நிற்பர். வாசற்படிதோறும் பெரும் பெரும் பரங்கிக்காய்கள் அமர்ந்திருக்கும். அவற்றுள் சில, கண்ணும் மூக்கும் பல்லுமாகக் குடையப்பெற்று, உள்ளே விளக்கெரிய, போவோர் வருவோரைப் பார்த்துச் சிரிக்கும். புல்வெளியில் எலும்புக்கூடு ஒன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். 2022ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்த நாமும் அவ்வாறே திகைத்தோம். பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு விடியுமுன் நடக்கப் புறப்பட்ட ஒருநாள், அரையிருட்டில் அந்த எலும்புக்கூட்டைக் கண்டு ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கிப் பாதியில் உண்மை தெரிந்து, தனியே நகைத்துக்கொண்டதும் உண்டு.

அந்நாட்டார் இதனை ஹாலோவீன் என்பர். அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் சிறுவர் சிறுமியர் வேடம் புனைந்து வீடுவீடாகச் சென்று மிட்டாய் பெறுவர். பள்ளிக்கூடங்கள் பலவற்றில் அன்று பகலில் வகுப்பறை விருந்தும் நடக்கும். நம் பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பில் படித்து வந்தாள், வயது ஏழு. விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று ஆசிரியை கேட்டபோது, ‘எங்கள் வீட்டிலிருந்து இருபத்துநான்கு குக்கீ’ என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொல்லிப் பதினைந்து நாளாகியும் அது நம் செவிக்கு எட்டவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது குழந்தை வாய்தவறி உரைத்தபோதுதான் தெரிந்தது. மகள் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

முப்பத்து மூன்று வயதுப் பெண்; அந்நாட்டில் பெரும்படிப்புப் படித்து அங்கேயே பணிபுரிபவள்; ஒரு குழந்தைக்குத் தாய். தகப்பனுக்கு அஞ்சிக் குனிந்த அந்தத் தலையைக் கண்டதும் நமக்கு அடுத்த கவளம் இறங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர் நாம். ‘இது கூடும், இது கூடாது’ என்று சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு நம்முடையது. அந்த நாக்கைத்தான் அவள் எதிர்பார்த்துக் குனிந்திருந்தாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனோம்.

பிற சமயத்தாருடைய வழிபாட்டில் நாம் கலப்பதில்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஆனால் எது வழிபாடு, எது வழக்கம், எது வெறும் விளையாட்டு என்று வரம்பு பிரிக்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. அவ்வூர்ப் பள்ளிவாசலில் இது குறித்துப் பலவிதப் பேச்சும் கேட்டோம். அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாத குடும்பங்கள் உண்டு. பகல் விருந்துக்கு மட்டும் அனுப்பி, மாலையில் வீடுவீடாகச் செல்வதை விலக்குவோர் உண்டு. இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவோரும் உண்டு. மகளும் மருமகனும் நடுவகையினர். வேடம் இல்லை, தெருச் சுற்றுதல் இல்லை என்று நாம் வருமுன்னரே முடிவு செய்திருந்தனர். எஞ்சி நின்றது அந்த இருபத்துநான்கு குக்கீதான். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்வதில் குற்றம் ஏது? அதனைப் பரங்கிக்காய் உருவத்தில் வெட்டினால் மட்டும் குற்றம் வந்துவிடுமா? கிதாபைப் புரட்டி உடனே விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது நமக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அந்தப் பண்டிகையின் வரலாற்றைப் படித்தோம்.

நவம்பர் முதல் நாளைக் கிறிஸ்தவர்கள் எல்லாப் புனிதர்களின் திருநாளாகக் கொள்வர். 9ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் அது நிலைபெற்றது. மறுநாளை, இறந்துபோன எல்லா ஆன்மாக்களுக்கும் உரிய நாளாக வகுத்தவர் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவரான ஒடிலோ என்பார். அது 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது என்பர். புனிதர் திருநாளின் முன்னிரவே ஹாலோவீன். கோடை கழிந்து குளிர் புகும் அந்தப் பருவத்தில் அயர்லாந்து மக்களுக்கு அதற்கும் முற்பட்ட விழா ஒன்று இருந்தது. அதன் சாயலும் இதில் ஏறியிருக்கிறது என்பர்.

நம்மை நிறுத்தி வைத்த செய்தி வேறொன்று. இங்கிலாந்தின் செஷையர், ஷ்ராப்ஷையர் முதலிய வட்டாரங்களில் அந்நாட்களில் ஒருவகைச் சிறு அப்பம் சுடுவது வழக்கம். மாவு, வெண்ணெய், சர்க்கரை. வாசனைக்கு இலவங்கப்பட்டை, சாதிக்காய், இஞ்சி. ‘ஆன்ம அப்பம்’ என்பது அதன் பெயர். ஏழைகளும் சிறுவர்களும் வாசலில் வந்து பாடுவர். வீட்டார் அப்பம் கொடுப்பர். பெற்றவர்கள் அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக இறைஞ்சிச் செல்வர். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்பவர், அவ்வப்பங்களை மேசைமீது குவியலாக அடுக்கி வைத்து, வருவோரெல்லாம் எடுத்துக்கொள்ள விடும் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்.

இதனைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தோம். இறந்தவர் பெயரால் வாசலுக்கு வந்தவர்க்கு உணவளிப்பது நமக்குப் புதியதா? திடீரென்று இறந்துபோன தம் தாயின் சார்பில் தருமம் செய்தால் அது அவருக்குப் பயன்படுமா என்று ஒருவர் வினவ, பயன்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையிறுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கொள்கையில் அவர்களும் நாமும் வேறு வேறுதான். அதனைக் குழப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஆனால் பிரிவைத் தாங்க மாட்டாத ஒரு வீட்டார் என்ன செய்கிறார்கள்? அடுப்பை மூட்டுகிறார்கள், மாவு பிசைகிறார்கள், பிறர் கையில் வைக்கிறார்கள். நம் மனைவி மறைந்து அப்போது மூன்றாண்டு ஆகியிருந்தது. அவள் பெயரால் ஊரில் நாம் ஆக்கிப் போட்ட சோற்றை நினைத்துக்கொண்டோம்.

அந்த அப்பத்தின் வாசனைப் பொருள்கள் சென்ற வழியும் சிந்தனைக்குரியது. இலவங்கப்பட்டை இலங்கையிலிருந்தும், இஞ்சி மலையாளக் கரையிலிருந்தும் அரபு வணிகரின் மரக்கலங்களில் ஏறித்தான் அந்நாளில் மேற்கே போயின. ஆங்கிலத்தார் ‘ஜிஞ்ஜர்’ என்பதற்கும், அரபியர் ‘ஸன்ஜபீல்’ என்பதற்கும் நம்முடைய ‘இஞ்சிவேர்’ போன்ற திராவிடச் சொல்லே மூலம் எனக் கருதும் மொழியறிஞர் பலர். பரங்கிக்காய் எதிர்த்திசையில் வந்தது. அது அமெரிக்க மண்ணில் விளைந்த காய். ஐரோப்பியரை அரபியர் ‘இஃப்ரன்ஜ்’ என்றனர். பாரசீகர் ‘ஃபரங்கி’ என்றனர். நாம் ‘பரங்கி’ என்றோம். அவர்கள் வழியாக வந்த காய்க்கும் அப்பெயரே வாய்த்தது. அயர்லாந்தில் டர்னிப் என்னும் கிழங்கைத்தான் குடைந்து விளக்கேற்றி வந்தனர். 1840களின் பெரும் பஞ்சத்தில் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தவர்களுக்கு அங்கே மலிவாகவும் பெரிதாகவும் கிடைத்தது பரங்கிக்காய், குடைவதற்கும் எளிது. கிழங்கு போய்க் காய் வந்தது.

ஞாயிறன்று அஸருக்கு முன்பே சமையலறைக்குச் சென்று, ‘மாவு எங்கே இருக்கிறது?’ என்று கேட்டோம். மகள் ஒருகணம் நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். பேத்தி துள்ளிக் குதித்து முக்காலியை இழுத்துப் போட்டாள்.

குக்கீ என்பது டச்சுக்காரர் மொழியில் ‘சிறு கேக்’ என்று பொருள்படும் சொல்லாம். நியூயார்க்கில் முதலில் குடியேறி ஆண்டவர்கள் அவர்களல்லவா, சொல்லும் அவர்கள் வழியாக வந்தது. நமக்கு அது பிஸ்கோத்துதான். செய்முறை எளிது; அவ்வளவு எளிதென்று நாம் எண்ணியிருக்கவில்லை. வெண்ணெய் 227 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று, மைதா மாவு 360 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. வெண்ணெயைக் குளிரூட்டும் பெட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து வைத்து இளகவிட வேண்டும், உருகிவிடக் கூடாது. அதனைச் சர்க்கரையோடு சேர்த்து வெளுத்துப் பொங்கி வரும்வரை அடித்து, முட்டையை உடைத்து ஊற்றி, மாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாவு சேர்ந்தபின் அழுத்திப் பிசைந்தால் பண்டம் முரடாகிவிடும். சப்பாத்தி மாவைப்போல நினைத்துக்கொண்டு நாம் முழங்கையால் பிசையப் போக, ‘நன்னா, மெல்ல’ என்று பேத்தி நம் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓதிக் கொடுத்த கைக்கு ஓதிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது.

வாசனைக்கு எல்லாரும் வனிலாச் சாறு சேர்ப்பர். அமெரிக்கச் சட்டப்படி அப்பெயரில் விற்பனையாகும் சாற்றில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் மதுசாரம் இருந்தாக வேண்டும். அடுப்பில் அது ஆவியாகிவிடும், துளியளவு எஞ்சினாலும் பாதகமில்லை என்பாரும் உளர். கூடவே கூடாது என்பாரும் உளர். அந்த வழக்கை இங்கே விரிக்கவில்லை. மகள் வீட்டில் அந்தச் சீசாவே இல்லை. அவள் பரணிலிருந்து எடுத்தது ஏலக்காய் டப்பா. ‘அம்மா நானகத்தாவுக்குப் போடற அளவு’ என்று சொல்லி, பத்து ஏலக்காயை உரித்துச் சர்க்கரையோடு பொடித்தாள்.

அந்த வாசனை எழுந்ததும் மூவரும் சற்றுநேரம் பேசவில்லை. பெருநாளுக்கு ஐந்தாறு நாள் முன்பே மாவும் சர்க்கரையும் டால்டாவும் ஏலமும் அளந்து கூடையில் வைத்து, பையன் ஒருவனிடம் ரொட்டிக் கடைக்குக் கொடுத்தனுப்புவாள் நம் மனைவி. கடைக்காரர் பிசைந்து, தட்டுகளில் அடுக்கிச் சுட்டு, தகர டின்னில் போட்டுத் தருவார். டின் வீடு வந்து மூடி திறக்கும்போது எழும் வாசனை, நியூ ஜெர்ஸியில் ஒரு சமையலறையில் எழுந்தது.

பிசைந்த மாவைத் தட்டையாக்கிக் காகிதத்தில் சுற்றி ஒருமணி நேரம் குளிரில் வைத்தோம். வைக்காவிட்டால் அடுப்பில் உருவம் கரைந்து பரந்துவிடும். அஸர் தொழுதுவிட்டு வந்து, குழவியால் கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்தோம். வெட்டுவதற்குத் தகர அச்சுகள் இருந்தன: பரங்கிக்காய், வௌவால், மேப்பிள் இலை, மகள் பெருநாளைக்கென்று வாங்கி வைத்திருந்த பிறை ஒன்று, ட்யூலிப் பூ ஒன்று. ‘இந்தப் பூவைத் தலைகீழாப் பிடிச்சா ஆவி வந்துடும் நன்னா’ என்றாள் குழந்தை. பிடித்துக் காட்டினாள். உண்மைதான். இதழ் நுனிகள் கீழே தொங்கும் துணி நுனிபோல் ஆகின. காம்பு இருந்த இடம் தலையாயிற்று.

இறந்தவர்கள் இப்படி வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு அலைவதில்லை, அவர்கள் தம் இறைவனிடம் இருக்கிறார்கள் என்றோம். ‘நன்னியுமா?’ என்றாள். நன்னியும்தான் என்றோம். அவள் சிறிதுநேரம் யோசித்தாள். ‘அப்ப நான் பூவாவே வெட்டறேன். அவங்களுக்கு ஆவி வேணும்னா அவங்களே திருப்பிக்கட்டும்’ என்று தீர்ப்பு வழங்கினாள். நம் மதரஸாவில் இத்தனை தெளிவாகத் தீர்ப்புச் சொன்ன மாணவர் சிலரே.

அடுப்பின் சூடு 350 பாரன்ஹீட், அதாவது சுமார் 175 சென்டிகிரேட். எட்டு முதல் பத்து நிமிடம் போதும். முதல் தட்டை நாம் கெடுத்தோம். பண்டம் மெத்தென்றிருப்பதைக் கண்டு வேகவில்லையென்று எண்ணி, மேலும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டோம். வௌவால்களின் மெல்லிய சிறகெல்லாம் கரிந்துபோயின. ஓரம் லேசாக நிறம் மாறும்போதே வெளியே எடுத்துவிட வேண்டுமாம். ஆறும்போதுதான் அது இறுகும். இரண்டாம் தட்டு சரியாக வந்தது. மேலே பூசுவதற்குத் தூள் சர்க்கரையைப் பாலில் குழைத்தோம். பரங்கிக்காய்க்கு வேண்டிய நிறத்தை ஒரு சிட்டிகை மஞ்சளும் சில துளி பீட்ரூட் சாறும் தந்தன. கடைச் சிவப்புச் சாயங்களில் சில, பூச்சியிலிருந்து எடுக்கப்படுவன. அதனால் மகள் அவற்றை வாங்குவதில்லை. வௌவாலுக்குக் கோக்கோத் தூள்.

பேத்தி நிறம் பூசுவதில் மூழ்கியிருந்தாள். மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாள்.

‘அத்தா, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டம்மா குடுத்த அதிரசம் ஞாபகம் இருக்கா?’

இருபத்தேழு ஆண்டுகளாக மறக்காதது அது. அவளுக்கும் நினைவிருக்கும் என்பதுதான் நமக்குத் தெரியாமல் இருந்தது.

1995ஆம் ஆண்டு. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில், தெருத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முப்பத்தோரு வயது, ஸனது பெற்றுப் பத்தாண்டுகூட நிறையவில்லை, அறிவைவிடச் செருக்கு முந்திக்கொள்ளும் பருவம். மகளுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு வாசலிலிருந்து வாழையிலை மூடிய தட்டொன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதிரசமும் முறுக்கும். ‘படைச்சதா?’ என்று கேட்டோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? விழித்தாள். இருபது மாணவர் பார்த்துக்கொண்டிருந்தனர். ‘கொண்டுபோய்க் கோழிக்குப் போடு’ என்றோம். அவள் வாசலில் இறங்கித் தட்டைக் கவிழ்த்தாள். கோழிகள் ஓடி வந்தன. தலை நிமிர்ந்தபோது, வேலிக்கு அப்பால் அந்த அம்மையார் நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு நம் மனைவி அங்கே போய் வந்து சொன்னாள்: ‘படைக்கறதுக்கு முந்தியே நமக்குன்னு தனியா எடுத்து வெச்சதாம். வருசா வருசம் அப்படித்தான் செய்யறாங்களாம். நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வாங்க.’

நாம் போகவில்லை. நாளை போகலாம் என்றோம். நாளை என்பது வாரமாயிற்று, வாரம் வருடமாயிற்று. நோன்புப் பெருநாளைக்கு நானகத்தாத் தட்டை நம் மனைவியே எடுத்துச் சென்றாள். அந்த அம்மையார் வாங்கிக்கொண்டு, வெறுந்தட்டைத் திருப்பலாகாதென்று சர்க்கரை போட்டுக் கொடுத்தனுப்பினார். ஆயினும் அதன்பின் எந்தத் தீபாவளிக்கும் அந்த வீட்டிலிருந்து அதிரசம் வரவில்லை. சில ஆண்டுகளில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் சென்றனர். அவர் மறைந்த செய்தியும் காலம் கடந்தே வந்தது.

நினைவிருக்கிறது என்றோம் மகளிடம்.

‘நீங்க கீழே போடச் சொன்னதுகூடப் பரவாயில்லத்தா. அவங்க பாத்துக்கிட்டிருந்தாங்க. கையில தட்டோட நான் நின்னேன். அதுதான்’ என்றாள். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ‘இவ குக்கீ செய்யறேன்னு சொன்னதை உங்ககிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு.’

தவறு செய்தோம் என்று சொன்னோம். நம் தவறு எதுவென்று மாணவருக்கு முன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மகளுக்கு முன் ஒப்புக்கொள்ள இருபத்தேழு ஆண்டும் பாதி உலகமும் கடக்க வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கரிந்த வௌவால் ஒன்றை எடுத்துக் கரியைச் சுரண்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

முப்பதுக்கு மேற்பட்ட பிஸ்கோத்துகள் தேறின. இருபத்துநான்கை வகுப்புக்கென்று டப்பாவில் அடுக்கியபின், மிஞ்சியவற்றில் எட்டைத் தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவரச் சொன்னாள் மகள். அங்கே எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வசித்தார், அயர்லாந்து வழியினர், கணவரை இழந்தவர். பேத்தியின் கையில் தட்டைக் கொடுத்து நாமும் உடன் சென்றோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்நாட்டில் இந்நாளில் வீட்டில் சுட்ட பண்டத்தை அயலார் கையிலிருந்து வாங்குவோர் அரிது. முன்னாளில் அப்படியில்லை. வீடுவீடாகச் சென்று பண்டம் கேட்கும் வழக்கம் அங்கே 1930களில் பரவிற்று. உலகப் போரின்போது சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததால் தளர்ந்து, போருக்குப் பின் மீண்டும் ஓங்கிற்று. அக்காலத்தில் வாசலில் கிடைத்தவை குக்கீயும் ஆப்பிளும் வீட்டில் கிண்டிய மிட்டாயும். பின்னர் அச்சம் புகுந்தது. 1974இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹாலோவீன் மிட்டாயில் நஞ்சு கலந்து ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவன் அயலான் அல்லன், பெற்ற தந்தை. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்த பாதகம் அது. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் அறிஞர் பல்லாண்டுச் செய்திகளைத் தேடி ஆராய்ந்து, வாசலுக்கு வந்த பிள்ளையை முன்பின் அறியாதவர் இவ்வாறு நஞ்சிட்டுக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் காணவில்லை என்றார். அச்சம் மட்டும் தங்கிவிட்டது. உறையிட்ட ஆலை மிட்டாயைத் தவிர வேறெதையும் பெற்றோர் நம்புவதில்லை. கை தெரிந்தவர் கொடுத்தாலன்றிக் குக்கீயை உண்பதில்லை.

தாடியும் தொப்பியுமாக நாம். பக்கத்தில் தட்டேந்திய குழந்தை. இரண்டு மாதமாக வாசலில் தலையசைத்துக்கொண்டதைத் தவிர அந்த மூதாட்டியிடம் நாம் பேசியதில்லை. கதவு திறந்தது. அவர் தட்டைப் பார்த்தார். வாங்கி உள்ளே வைத்துவிட்டு நன்றி கூறுவார், பிறகு என்ன செய்வாரோ என்று எண்ணினோம். தட்டைக் கவிழ்த்தவருக்கு அந்த எண்ணந்தானே வரும்! அவர் நின்ற இடத்திலேயே ஒரு பிறையை எடுத்துக் கடித்தார். மென்றார். ‘இது என்ன வாசனை?’ என்றார். ஏலக்காய் என்று பேத்தி சொன்னாள். தன் நன்னி போடும் அளவு என்றும் சேர்த்துச் சொன்னாள்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அயர்லாந்திலிருந்து வந்த தம் பாட்டி ஹாலோவீனுக்கென்று உலர்ந்த திராட்சை போட்ட ‘பார்ம்பிராக்’ என்னும் ரொட்டி சுடுவார் என்றும், அதற்குள் மோதிரம் ஒன்றை ஒளித்து வைப்பார் என்றும், அது யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு அவ்வாண்டில் திருமணம் என்பது நம்பிக்கை என்றும் சொன்னார். புதன்கிழமை, நவம்பர் 2ஆம் நாள், தம் கணவருக்காகக் கோயிலுக்குப் போவதாகவும் சொன்னார். நாமும் மனைவியை இழந்தவர் என்பதைப் பேத்தி மொழிபெயர்த்தாள். சற்றுநேரம் மூவரும் பேசாமல் இருந்தோம். எழும்போது அவர் குழந்தையிடம், ‘நீ சாப்பிடாத மிட்டாய் சில உண்டென்று உன் தாய் ஒருமுறை சொன்னாள்; அது எது?’ என்று கேட்டார். ஜெலட்டின் உள்ளவை என்றாள் அவள். பன்றியின் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பசை அது. மார்ஷ்மெல்லோ, பசை மிட்டாய், ஹாலோவீனுக்கென்றே விற்கும் சோளமணி மிட்டாய் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இருக்கும். குழந்தை எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

திங்களன்று டப்பா காலியாகத் திரும்பி வந்தது. பூக்கள் அத்தனையையும் பையன்கள் தலைகீழாகப் பிடித்துத் தின்றார்களாம்.

அன்று மாலை மக்ரிப் தொழுதுவிட்டு முன்னறையில் அமர்ந்திருந்தோம். தெருவெல்லாம் வேடமிட்ட பிள்ளைகளின் கூச்சல். பேத்தி சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிறு ஏக்கம் இருந்தது என்பதை மறைப்பானேன். நம் வீட்டு வாசல்விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. விளக்கில்லாத வாசலைப் பிள்ளைகள் தட்டுவதில்லை. ஆனாலும் மணி ஒலித்தது.

திறந்தோம். அடுத்த வீட்டு மூதாட்டி ஒரு கையில் நம் தட்டையும் மறு கையில் காகிதப் பை ஒன்றையும் பிடித்துக்கொண்டு, குளிரில் நின்றிருந்தார். தட்டு கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நான்கு ஆப்பிள். பையில் பேத்தியின் பெயர் எழுதியிருந்தது. தெருப் பிள்ளைகளுக்காக வாங்கிய மிட்டாய்களை எல்லாம் பெரிய பாத்திரத்தில் கொட்டுமுன், பூதக்கண்ணாடியை வைத்து உறைகளைப் படித்து, அந்தப் பசை இல்லாதவற்றை மட்டும் இவளுக்கென்று தனியே எடுத்து வைத்ததாகச் சொன்னார். எழுத்து மிகச் சிறிதாக இருக்கிறது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

பேத்தி மொழிபெயர்க்கத் தொடங்கினாள். நமக்கு அது வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டோம். திரும்பியபோது மகள் மாடிப்படியில் பாதி இறங்கிய நிலையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பேத்தி பையைத் தரையில் கொட்டி, எதனை முதலில் தின்னலாம் என்று நம்மைக் கேட்டாள்.